முகம் பார்த்துச் சமைத்த அம்மா

பத்து வயதில் சாயத் தொட்டிக்குத் தண்ணீர் சுமந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. இன்றைக்கு ஆரணியில் நான்கு அடுப்பு வைத்த சாயப்பட்டறை என்னுடையது. கடைத்தெருவில் இரண்டு மாடிப் பட்டு ஜவுளிக்கடை என்னுடையது. எங்கள் தெருவுக்கு முதல் போர்வெல் போட்டதும் நான்தான். மூன்று இடத்தில் பாறை வந்தது, சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நான்காவது இடத்தில் தண்ணீர் வந்தபோது அதே சொந்தக்காரர்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். கையெழுத்துப் போடத் தெரியுமா என்று என்னைக் கேட்ட ஆபீசர், தன் மகள் கல்யாணத்துக்கு என் கடைக்குத்தான் முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தார். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, இந்த மூன்று நிறத்தில் என் கண்ணை ஏமாற்ற இந்த ஊரில் ஆள் கிடையாது.

பட்டு வியாபாரிகள் போட்ட ஆண்டு மலரில் இதெல்லாம் என் போட்டோவோடு வந்திருக்கிறது. சந்தோஷம். ஆனால் அதே மலரில் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. அதில் இரண்டு வரி. நூல் முறுக்கும் மில்லுக்குப் பின்னால் ஒரு பழைய சாயக் கொட்டகையில் இத்தாலி சாப்பாட்டுக் கடை ஒன்று இருந்ததாம். நடத்திய அம்மாவுக்குக் கைப்பக்குவம் போதாமல் சீக்கிரமே மூடிவிட்டதாம்.

அந்தக் கொட்டகை என்னுடையது. அந்த இரண்டாவது வரி பொய். எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்குத் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தில் கை வைக்காதீர்கள்.

கொட்டகையை வாடகைக்கு விட்டது என் பெரிய மகன். யாரோ ஒரு அம்மா சமையல் செய்யக் கேட்டார்கள் என்று சொன்னான். தோசை மாவு அரைத்து விற்பார்கள் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டேன். ஒரு மாதம் போயிருக்கும். சென்னையிலிருந்து பட்டு எடுக்க வந்த ஒரு குடும்பம், பில் போட்டு முடித்ததும் இங்கே இத்தாலி ஹோட்டல் எந்தப் பக்கம் என்று கேட்டது. நான் சிரித்தேன். இது ஆரணி, பிரியாணி கிடைக்கும், இட்லி கிடைக்கும், இத்தாலி வேண்டுமென்றால் ஏரோப்ளேன்தான் ஏற வேண்டும் என்றேன். அந்தப் பையன் செல்போனைக் காட்டினான். பக்கத்தில்தான் இருக்கிறது என்று போன் சொன்னது. ஆரணியைப் பற்றி எனக்குத் தெரியாதது போனுக்குத் தெரியுமா என்று அவர்கள் கார் பின்னாலேயே மொபெட்டில் போனேன். கார் என் கொட்டகை வாசலில் போய் நின்றது.

பெயர்ப்பலகை இல்லை. உள்ளே போனதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது வருஷம் நான் நூல் காயப் போட்ட அதே மூங்கில் கழிகளில், சந்தன வெள்ளையில் சிட்டம் சிட்டமாக, கற்றை கற்றையாகப் பட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சாயம் ஏற்றாத நூல். என்னைக் கேட்காமல் என் கொட்டகையில் எவனடா நூல் காயப் போட்டது என்று ஆத்திரம். சாயக்காரன் கை சும்மா இருக்குமா. இரண்டு விரலில் எடுத்து முறுக்கிப் பார்த்தேன். நூல் இழுத்துக்கொண்டே வந்து கையோடு பிய்ந்தது.

"கைய எடுங்கண்ணா. அது மாவு. இன்னும் அர மணியில சாப்பாடு ஆயிடும்."

அப்படித்தான் அந்த அம்மாவை முதலில் பார்த்தேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம். பருத்திப் புடவைக்கு மேல் இடுப்பில் வெள்ளைத் துணி கட்டி, முழங்கை வரைக்கும் மாவு. பட்டு அவித்த என் அடுப்புக்கு மேலே மண் குழைத்துக் கூடு கட்டி அதில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். சொந்த ஊர் வெம்பாக்கம் பக்கத்துக் கிராமம். சின்ன வயதில் கன்னியாஸ்திரீகள் மடத்துச் சமையலறை வேலைக்கு இத்தாலிக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மடத்தில் பாதிக் காலம், அப்புறம் ஒரு சின்ன ஊரில் வயதான ஒரு அம்மா நடத்திய சாப்பாட்டுக் கடையில் மீதிக் காலம். இதையெல்லாம் அவர் உட்கார்ந்து வரிசையாகச் சொன்னதில்லை. ரொட்டியைத் திருப்பும்போது ஒன்று, பூண்டு நசுக்கும்போது ஒன்று, நான்தான் பொறுக்கிச் சேர்த்தேன்.

நாலு மேஜை. ஒரு நாளைக்கு ஒரு சாப்பாடு, அவர் எதைச் செய்கிறாரோ அதுதான். பீட்சா கேட்டு வருபவர்களுக்கு, இது அந்தக் கடை இல்லீங்க என்று ஒரு துண்டு ரொட்டியைக் கையில் கொடுத்து அனுப்புவார். அன்றைக்கு எனக்கு வைத்தது அந்த மாவு இழைதான். கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், வேறு எதுவும் கிடையாது. எனக்கு மிளகாய் இல்லாமல் இறங்காது. ஆனால் அந்தத் தக்காளி ஒரு மாதிரி முதலில் இனித்து, அப்புறம் புளித்து, கடைசியில் உப்பு வந்து இரண்டையும் பிடித்துக் கட்டியது. அரக்குச் சாயத்தில் கடைசியாக விடுகிற ஒரு துளி நீலம் மாதிரி. அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது இல்லாவிட்டால் சிவப்பு வெளுத்துக் கிடக்கும். தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்தேன். அந்த அம்மா சமையலறை வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அந்தப் பார்வையைத்தான் சொல்வார்கள். நல்லா இருக்கா என்று யாரையும் கேட்க மாட்டார். சிரிக்கவும் மாட்டார். முதல் வாய் உள்ளே போகும்போது புருவம் என்ன செய்கிறது, விழுங்கும்போது தொண்டை நிற்கிறதா, இரண்டாவது வாய்க்குக் கை உடனே போகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பார். வாயால் சொல்வது அவர் காதில் ஏறாது. ஒரு தடவை ஒரு வாத்தியார் அருமை, அருமை என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். அந்த அம்மா பாதித் தட்டை எடுத்துக்கொண்டு போய் வேறு தட்டு கொண்டுவந்து வைத்தார். "வாய் சொல்லுதுங்க, உங்க கன்னம் சொல்லல" என்றார். வாத்தியார் இரண்டாவது தட்டைப் பேசாமல் தின்று முடித்தார்.

நம் ஊரில் ஒருவன் சாப்பிடும்போது வாயைப் பார்க்கலாமா. ஒரு தாய் முந்தானையால் குழந்தையின் தட்டை மூடிக்கொண்டு ஊட்டினாள். சிலர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள். அந்தம்மா கண்ணு பட்டு ரெண்டு நாள் சோறு எறங்கல என்று பேச்சு கிளம்பியது. இரண்டு பெண்கள் வீட்டுக்குப் போனதும் கைப்பிடி உப்பு எடுத்துச் சுற்றிப் போட்டார்களாம். என் மருமகளே என்னிடம் சொன்னாள். நல்ல கடை கண் முன்னால் கெட்டுப் போகிறதே என்று கண்டிக்கப் போனேன். இடத்துக்காரன் என்கிற அதிகாரமும் கொஞ்சம் இருந்தது.

"இன்னாம்மா இது. துன்றவங்க மூஞ்சியவே பாத்துகினு நின்னா எவன் வருவான்? ஊரே கண்ணுபோடற கடைன்னு சொல்லிகினு கீது."

அவர் மாவு சலிப்பதை நிறுத்தவில்லை. சலித்து முடித்ததும் உப்பு ஜாடியைத் திறந்து, ஒரு ஸ்பூன் நிறைய எடுத்து, அப்படியே வாயில் போட்டார். முகம் சுளிக்கவில்லை. சர்க்கரை தின்பது மாதிரி மென்று விழுங்கினார்.

"எனக்கு இது மணல்ணா. கொரோனாவுல படுத்தேன் இல்ல, அங்க. மூச்சு திரும்பி வந்துச்சு. மூக்கும் நாக்கும் வரல."

சமையல்காரிக்கு நாக்கு இல்லை. அங்கேயே இருந்திருந்தால் என்றைக்காவது தெரிந்துபோகும், அடுப்புப் பக்கம் விட மாட்டார்கள் என்று, யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டார். அளந்து போடக் கூடாதா என்று கேட்டேன். தினமும் ஒரே தக்காளியா வருகிறது, ஒரு நாள் தக்காளி வேறு ஒரு நாள் தக்காளி வேறு, சென்னையிலிருந்து பஸ்ஸில் வருகிற சீஸில் ஒரு பெட்டிக்கு ஒரு உப்பு, அளந்து போட்டால் ஆஸ்பத்திரிச் சோறுதான் வரும் என்றார். அதனால் சாப்பிடுகிறவர் முகத்தில் தேடிக்கொண்டிருந்தார். வேறு எங்கே தேடுவார்.

நான் அப்படிப்பட்ட இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை.

"எனக்கு நாக்கு கீதும்மா. ஆரணியிலயே நம்பர் ஒன் நாக்கு. தெனம் பதினோரு மணிக்கு வர்றேன். நான் சொன்னா உப்பு, நான் சொன்னா போதும். நீ எவன் மூஞ்சியையும் பாக்காத."

அந்த அம்மா என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். அப்புறம் சிரித்தார். நான் பார்த்த முதல் சிரிப்பு.

அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு அவர் மரக்கரண்டியை நீட்டுவார், நான் நக்கிப் பார்ப்பேன். ஒரு சிட்டிகை என்பேன், அல்லது போதும் என்பேன். ஆரம்பத்தில் நான் சொல்வதைக் கேட்காமல் என் புருவத்தைத்தான் படித்தார். ஒன்றிரண்டு மாதம் போனது. ஒரு நாள் கரண்டியை நீட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பூண்டு உரித்தார். போதும் என்றேன். முதுகைக் காட்டிக்கொண்டே தலையை ஆட்டினார். எத்தனையோ மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். அந்த முதுகைப் போல ஒரு மரியாதையை எனக்கு யாரும் செய்ததில்லை.

பார்வை நின்றதும் ஜனம் வந்தது. கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர்கள் நேராக அங்கே போனார்கள். வேலூரிலிருந்து கார்கள் வந்தன. போளூரிலிருந்து இரண்டு டீச்சர்கள் சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி வந்தார்கள். இடம் கண்டுபிடித்தவன் நான்தான் என்று எல்லோரிடமும் மார் தட்டினேன். ஆனால் உப்பு யாருடையது என்று மட்டும் சொன்னதில்லை. சொன்னால் அந்த அம்மாவின் நாக்கு விஷயம் வெளியே வந்துவிடும். என் வாழ்க்கையில் நான் பெருமை பேசாமல் பூட்டி வைத்த விஷயம் அது ஒன்றுதான்.

ஒரு வருஷம் இப்படிப் போனது. அப்புறம் ஒரு நாள் பட்டறையில் தொட்டிக்குப் பக்கத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் பிரஷர் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. மருமகளிடம் சொல்லி உப்பே இல்லாமல் தனிச் சமையல் வைக்கச் சொன்னேன். முதல் பத்து நாள் காகிதம் மென்ற மாதிரி இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. என் வயதில் எவன் இப்படி இருப்பான் என்று அதையும் நாலு பேரிடம் சொன்னேன்.

கொட்டகையில் தக்காளி கரிக்க ஆரம்பித்தது. தூக்கலா கீதும்மா என்றேன். குறைத்தார். அடுத்த வாரம் மறுபடி சொன்னேன், மறுபடி குறைத்தார். ஒரு நாள் திரும்பி நின்று என்னைப் பார்த்து, நிச்சயமாண்ணா என்று கேட்டார். என் நாக்கையே சந்தேகப்படறியா என்று கேட்டேன். அதோடு கேட்பதை விட்டுவிட்டார்.

சாயத்தொழிலில் மாதிரி நூல் என்று ஒன்று உண்டு. சரியான நிறத்தில் ஒரு இழையை ஆணியில் கட்டித் தொங்கவிட்டிருப்போம். காலையிலிருந்து சிவப்பையே பார்த்த கண் மத்தியானத்தில் பொய் சொல்லும். கண்ணுக்கே அது தெரியாது. அதனால் எத்தனை வருஷம் தொழில் பார்த்தவனும் நூலைக் கொண்டுபோய் மாதிரியோடு ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பை அணைக்க வேண்டும். பார்க்காமல் அணைத்தவனை நான் பட்டறையை விட்டே அனுப்பியிருக்கிறேன். நாக்குக்கு மட்டும் மாதிரி வேண்டாம் என்று நான் எப்படி நினைத்தேன்.

கூட்டம் குறைந்தது. நான் வெயிலைக் காரணம் சொன்னேன், ஆடி மாதத்தைச் சொன்னேன். டீச்சர்கள் வருவது நின்றது. ஒரு நாள் நான் இருக்கும்போதே ஒரு குடும்பம் சாப்பிட உட்கார்ந்தது. இரண்டு வாய் போனதும் அந்த வீட்டுப் பெரியம்மா பையைத் திறந்து, எலுமிச்சங்காய் ஊறுகாய் டப்பாவை எடுத்து, நாலு தட்டிலும் ஓரமாக வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம ஜனம் சொர்க்கத்துக்குப் போனாலும் ஊறுகாயோடுதான் போகும் என்றேன். அந்த அம்மா வெகுநாளைக்குப் பிறகு சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். அந்த நாலு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். என் கேலியை அவரும் ரசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் பதினோரு மணிக்குக் கரண்டியை நீட்டினார். போதும் என்றேன். தலையை ஆட்டினார்.

எனக்கு உறைத்தது போளூரில், சிநேகிதர் பேத்தி கல்யாணப் பந்தியில். ஒரு நாள்தானே என்று டாக்டர் பேச்சை மீறி உட்கார்ந்தேன். ரசம் வாயில் வைக்க முடியவில்லை. சமையல்காரனைக் கூப்பிட்டு, கடல் தண்ணியையே கொண்டுவந்து ஊத்திட்டியா என்று பந்தியிலேயே கேட்டேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், யாரென்று கூடத் தெரியாது, இலை ஓரத்தில் வைத்திருந்த உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து அதே ரசத்தில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார். என்னைக் கேலி செய்யக் கூட இல்லை. நான் கையைச் சோற்றில் வைத்தபடியே இருந்தேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. முட்டி வலி என்று சொல்லி அனுப்பினேன். அதற்கு மறுநாளும் முட்டி வலி. பட்டறையில் நிறம் தப்பினால் நான் தண்ணீரைச் சொல்வேன், சரக்கைச் சொல்வேன், வேலையாளைச் சொல்வேன், என் கண்ணைச் சொன்னதே கிடையாது. தப்பு என்னுது என்று சொல்லும் வார்த்தை என் வாய்க்குப் பழக்கமில்லை. பதினோரு நாள் அதைச் சொல்லிப் பழகினேன். பன்னிரண்டாம் நாள் போனேன். கொட்டகை பூட்டியிருந்தது. முந்தின நாள்தான் சாவியை என் மகனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே பெருக்கிக் கழுவி விட்டிருந்தது. மூங்கில் கழிகளைத் துடைத்து மூலையில் அடுக்கியிருந்தார். அடுப்பில் சாம்பல் கூட இல்லை.

வெம்பாக்கம் பக்கம் அவர் தங்கை வீட்டைத் தேடிக்கொண்டு மகனோடு காரில் போனேன். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். பழைய சளி நெஞ்சை விட்டுப் போகவே இல்லை, இப்போது மூச்சு மறுபடி அடைக்கிறது என்று தங்கை சொன்னாள். மகனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நான் பழகி வந்ததைச் சொன்னேன்.

"எந்நாக்கு போய்ட்ச்சும்மா. ஊட்ல உப்ப நிறுத்தினேன், அதுல போய்ட்ச்சு. உன் கடைய நான்தான் கெடுத்தேன்."

"தெரியும்ணா. ஊறுகா டப்பா எடுத்தாங்களே, அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? நான் போனப்பறம் ரெண்டு சிட்டிகை நீயா போட்டிருக்கலாம் இல்ல?"

"நீங்க போதும்னு சொன்னப்பறம் நான் போட்டா, அப்பால நீங்க தெனம் வர்றது எதுக்குண்ணா?" மூச்சு வாங்கிக்கொண்டார். "நாக்கு போய்ட்ச்சுன்னு தெரியறப்ப எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அத உங்களுக்கு என் வாயால சொல்ல மனசு வரல."

தங்கை எனக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். அந்த அம்மா தலையணையிலிருந்து தலையைத் திருப்பி, பழையபடி, நான் குடிப்பதைப் பார்த்தார். புருவத்தை, தொண்டையை. அதில் உப்பு சரியா, கூடவா, குறைவா, என் நாக்கை நம்பிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவரும் குடித்துப் பார்த்துச் சொல்ல முடியாது.

"போதுமாண்ணா?" என்று கேட்டார்.

போதும் என்றேன்.

அந்தத் தை மாதத்தில் போய்விட்டார். மாதா கோயிலில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதும் என்னை அங்கே யாருக்கும் தெரியாது. இடத்துக்காரர் என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். கொட்டகையை நான் வேறு யாருக்கும் விடவில்லை. மழைக்காலத்தில் கதவைத் திறந்தால் அந்த மண் கூட்டிலிருந்து ரொட்டி வாசனை இன்னும் வருகிறது என்று மருமகள் சொல்கிறாள்.

மலர் போட்டவர்களுக்குச் சொல்கிறேன். போர் தண்ணீருக்கு என் பெயர் போட்டீர்கள், சாயப்பட்டறைக்குப் போட்டீர்கள், கோயில் மண்டபத்து விளக்குக்குக் கூடப் போட்டீர்கள். எதையும் நான் வேண்டாமென்று சொன்னதில்லை. அடுத்த மலரில் இதையும் போடுங்கள். ஆரணியில் ஒரு சாயக் கொட்டகையில் வேலூர்க்காரர்களும் தேடி வந்து சாப்பிட்ட இத்தாலி கடை ஒன்று இருந்தது. நன்றாக நடந்த அந்த ஒரு வருஷத்தில் அதன் உப்பில் பாதி என்னுடையது. அந்தப் பங்கை எனக்குக் கொடுங்கள். அது மூடியதற்குப் பாதி இல்லை, முழுசும் நான். அந்தப் பங்கையும் கொடுங்கள். அந்த அம்மாவின் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் கிடையாது என்று தெளிவாக எழுதுங்கள். அவர் பெயர் வேண்டாம், கடை வாசலில் கூட அவர் அதை எழுதி வைத்ததில்லை. என் பெயரை மட்டும் முழுசாகப் போடுங்கள், தகப்பன் பெயரோடு, மற்ற பக்கங்களில் போட்டிருக்கிற அதே பெரிய எழுத்தில்.